நரம்பில் ஏற்றும் குமிழி: பயப்படத்தான் வேண்டுமா?



சென்ற ஷஅபான் மாதத்தில் நமது மருத்துவ உதவிக் குழுவுக்கு ஒரு மனு வந்தது. மனுதாரர் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர். பல வருடச் சர்க்கரை நோயாளி. சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகிவிட்டது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. வயிற்று வலிக்காக எடுத்த சாதாரண ஸ்கேனில், ஈரலில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. அது எந்த வகைக் கட்டி என்று அந்த ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியவில்லை. சாய மருந்து ஏற்றி சி.டி. எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அந்த மருந்து கெடுத்துவிடுமோ என்று மருத்துவர் தயங்கியிருக்கிறார். அதனால் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இருந்தது 'கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்' என்ற பெயர்.

குழுவில் உள்ள எங்கள் ஐந்து பேருக்கும் அது புதிய பெயர். விசாரித்ததில், நுண்ணிய வாயுக் குமிழிகளை நரம்பு ஊசி வழியாக ஏற்றிவிட்டு எடுக்கும் ஸ்கேன் என்று தெரிந்தது. "ஜகாத் காசைத் தண்ணிக் குமிழிக்கா கொடுக்கிறது?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே, மறுநாள் காலை பெரியவரின் மகள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"மாமு, நரம்புல காத்து ஏறுனா ஆளு போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. அத்தாவுக்கு இது வேணாம். மனுவைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

அந்தப் பிள்ளையின் பயத்தில் தப்பில்லை. குளுக்கோஸ் குழாயில் ஒரு காற்றுக் குமிழி ஓடினாலே நாம் எல்லோரும் நர்ஸைக் கூப்பிடுகிறோம். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, நமது மாதாந்திர முகாமுக்கு வரும் ஸ்கேன் மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டேன். கிடைத்ததைப் படித்தும் பார்த்தேன். இதே போன்ற சீட்டு இனி நம் குடும்பங்களில் யார் கைக்கும் வரலாம் என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஸ்கேன் என்பது எதிரொலி

கிணற்றை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் குரல் திரும்பி வருகிறதே, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் அதே வேலைதான். மனிதக் காது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் அனுப்பும் ஒலி நொடிக்கு இருபது லட்சம் முதல் ஐம்பது லட்சம் அதிர்வு வரை. அது உடலுக்குள் போய், ஒரு வகைத் திசு முடிந்து இன்னொரு வகை தொடங்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. திரும்பி வரும் நேரத்தையும் பலத்தையும் வைத்து இயந்திரம் படம் வரைகிறது. எக்ஸ்ரே, சி.டி. போலக் கதிர்வீச்சு இதில் இல்லை.

இதில் ஒரு குறை உண்டு. இரத்தம் ஏறக்குறைய எதிரொலிப்பதே இல்லை. சிவப்பணு மிகச் சிறியது. தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து தன்மையிலும் பெரிதாக மாறுபடாதது. அதனால் இரத்தக் குழாய் திரையில் கறுப்பாகவே தெரியும். பெரிய குழாய்களில் ஓடும் இரத்தத்தை டாப்ளர் முறையில் பார்க்கலாம். ஒரு கட்டிக்குள் மெல்ல ஊரும் இரத்தத்தைப் பார்ப்பது மிகக் கடினம். கட்டி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கோ, அதற்குள் இரத்தம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதில்தான் பெரும்பாலும் பதில் இருக்கிறது.

ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் குளிர்ச்சியாக ஜெல் தடவுவார்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இருந்தால், ஒலி உள்ளே போகாமல் அங்கேயே திரும்பிவிடும். அந்தக் காற்றை விலக்கத்தான் ஜெல். வாயு அவ்வளவு பலமாக எதிரொலிக்கும். வெளியே தொல்லையாக இருக்கும் இந்தக் குணம், இரத்தத்துக்குள்ளே நமக்கு உதவியாகிவிடுகிறது.

இது தற்செயலாகத் தெரிய வந்த விஷயம். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிராமியாக், ஷா என்ற இரண்டு மருத்துவர்கள் இதயத்துக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தியபோது, ஸ்கேனில் மேகம் மேகமாக எதிரொலி எழுந்ததைக் கண்டு 1968-ல் எழுதினார்கள். அந்த மேகங்களுக்குக் காரணம் சாயமல்ல; ஊசியோடு சேர்ந்து போன நுண்குமிழிகள் என்பது பிறகு தெளிவானது.

இதன் எளிய வடிவம் இன்றும் இதய மருத்துவர்களிடம் வழக்கத்தில் இருக்கிறது. உப்பு நீரையும் துளிக் காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையில் வேகமாக மாற்றி மாற்றித் தள்ளினால் நீர் நுரைக்கும். அதை நரம்பில் செலுத்தினால் குமிழிகள் இதயத்தின் வலப்பக்கம் வரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், அங்குள்ள மெல்லிய குழாய்களில் சிக்கிக் கரைந்துவிடும். இடப்பக்கம் வரக்கூடாது. உடனே இடப்பக்கமும் குமிழி தெரிந்தால், இதயச் சுவரில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். காரணம் புரியாமல் இள வயதில் பக்கவாதம் வந்தவர்களுக்கு 'பபிள் டெஸ்ட்' என்று எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். செலவு மிகக் குறைவு. இதுவும் நான் சொல்ல வந்த ஸ்கேனும் ஒன்றல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓடு போட்ட குமிழி

ஈரலைப் பார்க்க வேண்டுமானால் குமிழி நுரையீரலைத் தாண்டிப் போயாக வேண்டும். வெறும் காற்றுக் குமிழி நொடிகளில் இரத்தத்தில் கரைந்துவிடும். ஆகவே இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். ஒன்று, இரத்தத்தில் எளிதில் கரையாத கனமான வாயு. இன்னொன்று, குமிழியைச் சுற்றி மெல்லிய கொழுப்பு ஓடு. ஐரோப்பாவில் 2001 முதல் புழக்கத்தில் இருக்கும் சோனோவியூ என்ற மருந்தில் உள்ள வாயு சல்பர் ஹெக்ஸாபுளோரைடு. மின்துறையில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். துணைமின் நிலையங்களில் பெரிய பிரேக்கர்களுக்குள் அடைத்து வைப்பதும் இதே வாயுதான். குமிழியின் சராசரி விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் இரண்டரைப் பங்கு. சிவப்பணு ஏழெட்டுப் பங்கு இருக்கும். சிவப்பணு நுழையும் இடமெல்லாம் இது தாராளமாக நுழைந்துவிடும், எங்கும் அடைத்துக்கொள்ளாது.

இப்போது அந்த மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நரம்பில் காற்று ஏறினால் ஆபத்துதான், உண்மை. பெரியவர் ஒருவரின் உயிருக்கே ஆபத்தாகும் அளவு என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுவது, ஒரேயடியாக 200 முதல் 300 மில்லி வரையிலான காற்று. அதைவிடக் குறைவான காற்றும் தொந்தரவு தரலாம் என்பதால்தான் நர்ஸ்கள் குழாயில் கவனமாக இருக்கிறார்கள். ஈரல் ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து 2.4 மில்லி. அதில் வாயு மட்டும் எவ்வளவு என்று பார்த்தால், சுமார் 0.02 மில்லி. ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. அந்த 200 மில்லியோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் கோடிக்கணக்கான தனித்தனிக் குமிழிகளாகப் பிரிந்து ஓடுகிறது.

பிறகு அது எங்கே போகிறது? நாம் விடும் மூச்சில் போகிறது. குமிழி கரைந்ததும் வாயு நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. பதினைந்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். ஓட்டிலுள்ள கொழுப்பை உடல் மற்றக் கொழுப்பைப் போலவே கையாண்டுவிடுகிறது. வாயு சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை. சி.டி. சாய மருந்தில் அயோடின் இருக்கிறது. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் சி.டி.க்கு முன் கிரியேட்டினின் பார்க்கிறார்கள். குமிழி ஸ்கேனுக்குக் கிரியேட்டினின் கணக்கு தேவையில்லை. அந்தப் பெரியவருக்கு மருத்துவர் இதை எழுதியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

தண்ணீரின் சத்தமும் குமிழியின் குரலும்

பள்ளிவாசல் ஹவ்ளுக்குப் பக்கத்தில் ஒளுச் செய்யும்போது தண்ணீர் விழும் 'களகள' சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தத்தை எழுப்புவது தண்ணீரில் சிக்கிய காற்றுக் குமிழிகள் என்றும், குமிழியின் அளவுக்கு ஏற்ற சுருதி அதற்கு உண்டு என்றும் மின்னார்ட் என்ற டச்சு விஞ்ஞானி 1933-ல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு மூவாயிரம் தடவைக்குச் சற்று மேல் அதிரும். குமிழி ஆயிரம் மடங்கு சிறுத்தால் அதிர்வு ஆயிரம் மடங்கு கூடும். அதாவது நொடிக்கு முப்பது லட்சம். மேலே சொன்ன வயிற்று ஸ்கேனின் ஒலியும் அதே வரம்புதான்! ஓடு இருப்பதால் கணக்கு கொஞ்சம் மாறும், அவ்வளவே. நுரையீரலைத் தாண்டுவதற்காகச் சிறியதாக்கிய குமிழி, ஸ்கேன் ஒலிக்கே சுருதி சேர்ந்ததாக அமைந்துவிட்டது. சுப்ஹானல்லாஹ், இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதனால் குமிழி ஒலியைத் திருப்பி அனுப்புவதோடு நிற்பதில்லை. சுருங்கி விரிந்து தானே குரல் எழுப்புகிறது. சுருங்குவதும் விரிவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆகவே வந்த சுருதியோடு, அதைப் போல இரண்டு மடங்கு சுருதியும் அதன் குரலில் கலந்திருக்கும். சதையோ மெல்லிய ஒலிக்கு வந்த சுருதியை அப்படியே திருப்புகிறது. இயந்திரம் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, உடனே அதையே தலைகீழாகத் திருப்பி இன்னொரு துடிப்பு அனுப்பும். இரண்டுக்கும் வரும் பதில்களைக் கூட்டினால், சதையின் பதில்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குமிழியின் பதில் மட்டும் மிஞ்சும். திரையில் ஈரல் மறைந்து, அதற்குள் ஓடும் இரத்தம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஒலி பலமாக இருந்தால் குமிழி உடைந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை மிக மெல்லிய ஒலியில்தான் செய்கிறார்கள்.

ஈரலின் இரண்டு வாசல்கள்

ஈரலுக்கு இரத்தம் இரண்டு வழியில் வருகிறது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதயத்திலிருந்து வரும் தமனி வழியாக. மீதி முக்கால் பங்கு, குடலைச் சுற்றி உணவின் சத்தை எடுத்துக்கொண்டு வரும் போர்ட்டல் சிரை வழியாக. ஊசி போட்ட பத்து இருபது நொடியில் குமிழி தமனி வழியாக ஈரலை எட்டும். சிரை வழிக் குமிழி சுமார் அரை நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். இந்த நேர வித்தியாசம்தான் மருத்துவருக்குத் துப்பு.

ஈரலில் பிறக்கும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனியிலிருந்தே இரத்தம் உறிஞ்சும். ஆகவே முதல் அரை நிமிடத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட அது பளிச்சென்று ஒளிரும். பிறகு ஈரல் முழுக்கச் சிரை வழிக் குமிழி நிரம்ப, கட்டி மெல்ல மங்கி, ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதும் கறுத்துப்போகும். வேறு உறுப்பிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றாக இருந்தால், பொதுவாக ஒரு நிமிடத்துக்கு முன்பே கறுத்துவிடும். ஹெமாஞ்சியோமா என்ற இரத்தக்குழாய் முடிச்சின் நடத்தையே வேறு. ஈரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் மிகப் பரவலானது இதுதான். இதில் ஓரங்களில் மட்டும் திட்டுத் திட்டாக வெளிச்சம் ஏறும். பிறகு நடுப்பக்கம் நோக்கி மெதுவாக நிரம்பும். நிரம்பியது கடைசி வரை மங்காது. நாலைந்து நிமிடம் திரையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் நாடகம் முழுவதும் தெரிந்துவிடும். சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் குறிப்பிட்ட சில நொடிகளில் எடுத்த படங்கள்தான் கிடைக்கும். இதில் ஒரு நொடியும் தப்பாது.

நமது பெரியவருக்கு எது என்று கேட்பீர்கள். மகளிடம் இவ்வளவையும் தாளில் சொட்டு வரைந்து காட்டி விளக்கினேன். அவர் வீட்டில் பேசிவிட்டு ஒப்புக்கொண்டார். குழுவும் ஸ்கேன் செலவோடு வேன் வாடகையையும் சேர்த்து அனுமதித்தது. கட்டியின் ஓரங்களில் திட்டுத் திட்டாக வெளிச்சம் ஏறி, மூன்று நிமிடத்தில் நடுவரை நிரம்பி, அப்படியே நின்றதாம். ஹெமாஞ்சியோமா. அல்ஹம்துலில்லாஹ். ஆறு மாதம் கழித்துச் சாதாரண ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்த்தால் போதும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். 'கட்டி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் ஆறு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது.

எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று சொல்ல வரவில்லை. ஒளிர்ந்து கறுத்துப்போனால் அதுவும் சீக்கிரம் தெரிவது நல்லதுதான். குறிப்பாக ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களும், ஈரல் சுருங்கியவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆபத்தே இல்லையா?

எந்த மருந்துக்கும் ஒவ்வாமை உண்டு; இதற்கும் உண்டு. இத்தாலியில் 23,188 வயிற்றுச் சோதனைகளைத் திரட்டி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பக்கவிளைவு கண்டவர்கள் 29 பேர், அதில் கடுமையானவை இரண்டு, உயிரிழப்பு இல்லை. அதற்கு அடுத்த ஆண்டே, 2007-ல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த வகை மருந்துகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. பிறகு வந்த தகவல்களைப் பார்த்து அதைப் படிப்படியாகத் தளர்த்தியது.  கடுமையான எதிர்வினை வருவதானால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும். ஆகவே சோதனை முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓடாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

இன்னொன்றும் மறக்காமல் சொல்லுங்கள். மருந்தில் மேக்ரோகால் என்ற பொருள் சேர்ந்திருக்கிறது. மலச்சிக்கலுக்கும், குடலைச் சுத்தம் செய்வதற்கும் கொடுக்கும் சில பவுடர்களில் இருப்பதும் இதுதான். அந்தப் பவுடர் குடித்து எப்போதாவது உடம்பு தடித்திருந்தால், மூச்சு முட்டியிருந்தால், ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் நிலையை முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

நோன்பு நேரத்தில் இந்த ஊசி போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் மதரஸாவில் ஓதியவன்தான். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உடலுக்குச் சத்து ஊட்டும் திரவங்களைத் தவிர, மருந்துக்காகத் தோலிலோ தசையிலோ நரம்பிலோ போடும் ஊசி நோன்பை முறிக்காது என்று முடிவு செய்திருக்கிறது. உங்கள் மத்ஹபின்படி நமது இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மருந்தின் மூலப்பொருள் பற்றிய கேள்வியும் அவரிடம் கேட்க வேண்டியதே. எல்லாக் குமிழி மருந்தும் ஒன்றல்ல. ஒரு மருந்தின் ஓடு மனித இரத்தத்திலிருந்து எடுத்த புரதம். ஒன்றில் முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பு. எந்த மருந்து என்று பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும். முட்டை ஒவ்வாத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் இது பயன்படும்.

பிள்ளைகள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வரும் குழந்தைகளுக்கு, சிறுநீர் பின்னோக்கி ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். வழக்கமாகச் சிறுநீர்ப்பையில் சாய மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பதுண்டு. அதற்குப் பதில் குமிழி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு ஸ்கேனில் பார்க்க அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. பிள்ளைக்குக் கதிர்வீச்சு மிச்சம்.

ஸ்கேன் கோலுக்குள் ஆயிரம் தப்ஸ்

குமிழி எவ்வளவு நன்றாகக் குரல் கொடுத்தாலும் கேட்கும் காது சரியாக இருக்க வேண்டும். மருத்துவர் கையில் பிடித்துத் தேய்க்கும் கோலின் முனையில் இருப்பது ஒரு வகைப் பீங்கான். மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிர்ந்தால் மின்சாரம் தரும். சில படிகங்களுக்கு இந்தக் குணம் உண்டு என்று பிரான்சில் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். பீங்கான் கெட்டி, நம் உடல் ஏறக்குறைய தண்ணீர். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒலி எளிதில் மாறாது என்பதால் நடுவில் பல அடுக்கு ஒட்டி ஈடுகட்டுகிறார்கள். பீங்கானுக்கு மணியைப் போலத் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. அதைச் சுற்றிய குறுகிய வரம்பில்தான் நன்றாகப் பேசும், கேட்கும். குமிழியோ ஒரு சுருதியில் கேட்டால் இரண்டு மடங்கில் பதில் சொல்கிறது. மணியின் காதுக்கு அந்தப் பதிலில் பாதிதான் எட்டும்.

பக்கீர்சாக்கள் கையில் உள்ள தப்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல். அதைப் போல, தலைமுடியின் தடிப்பளவே அகலமுள்ள ஆயிரக்கணக்கான நுண் தப்ஸ்களை ஒரு சிலிக்கான் சில்லில் செதுக்கினால் என்ன? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கூரி-யாகூபின் குழு 1990-களில் இதைத்தான் செய்தது. பேராசிரியர் பெய்ரூட்டில் பட்டம் படித்தவர். செல்போன் சில்லுகளைச் செய்யும் அதே முறையில், சிலிக்கான் மேல் சிறு பள்ளம், அதன் மேல் மெல்லிய சவ்வு. சவ்வுக்கும் அடித்தட்டுக்கும் இடையில் மின்னழுத்தம் கொடுத்தால் சவ்வு உள்ளே இழுபடும். ஏற்றி இறக்கினால் அதிரும். எடையற்ற சவ்வு உடலின் மென்மையோடு எளிதில் ஒத்துப்போகிறது. ஒரு சுருதி மட்டும் அல்லாமல் அகன்ற வரம்பில் பேசவும் கேட்கவும் செய்கிறது. குமிழியின் இரண்டு மடங்குக் குரலைக் கேட்க இதைவிட நல்ல காது கிடைப்பது அரிது.

ஆனாலும் சிக்கல் இருக்கிறது. இந்தச் சவ்வை இழுக்கும் விசை, மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. அதனால் அது அனுப்பும் ஒலியிலேயே இரண்டு மடங்குச் சுருதி கலந்துவிடுகிறது. கேட்பது குமிழியின் குரலா, தப்ஸின் சொந்தக் குரலா என்று பிரித்தறிய முடியாது. தலைகீழ்த் துடிப்புத் தந்திரமும் இதை முழுதாக நீக்காது. அனுப்பும் மின் அலையையே முன்கூட்டித் திருத்தி அனுப்பிப் பொறியாளர்கள் இதைச் சமாளித்துவருகிறார்கள். ஆகவே இன்று நீங்கள் போகும் மருத்துவமனையில் குமிழி ஸ்கேன் எடுப்பது அநேகமாகப் பழைய பீங்கான் கோலில்தான். அதில் குறை ஒன்றுமில்லை. மேலே சொன்ன ஈரல் கணக்கு முழுவதும் பீங்கான் கோலில் கற்றுக்கொண்டதே.

சில்லுக் கோலின் வேறொரு பயன் சந்தைக்கு வந்தேவிட்டது. சுமார் ஒன்பதாயிரம் நுண் அதிர்விகளை ஒரே சில்லில் வைத்து, செல்போனில் செருகிப் பார்க்கும் பட்டர்ஃபிளை ஐ.க்யூ. என்ற கைக்கருவிக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வளைகுடாவில் இருக்கும் நமது நன்கொடையாளர் ஒருவர், இது போன்ற கருவி ஒன்றை வாங்கி அனுப்புகிறேன், மாதாந்திர முகாமில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல மனதோடு கேட்டார். அவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் நாங்கள் மறுத்துவிட்டோம். நம் நாட்டில் பிறப்புக்கு முன் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஸ்கேன் கருவி சட்டைப் பையில் அடங்குகிற அளவாக இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள்தான் வரும். பதிவு பெற்ற இடம், தகுதி பெற்ற மருத்துவர், பதிவேடு எல்லாம் வேண்டும். கையடக்கக் கருவியை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. மீறினால் கருவி பறிமுதல், சிறை. பெண் பிள்ளையை மண்ணில் புதைத்த அறியாமைக் காலத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தில் இருக்கும் நாம், இந்தச் சட்டத்தைத் தொல்லையாக நினைக்க முடியாது. யாரும் ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கைக்கருவி குமிழி ஸ்கேனுக்கு மாற்றும் அல்ல. குமிழி ஸ்கேனுக்கு அதற்கென்று மென்பொருள் உள்ள பெரிய இயந்திரம் வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய சோதனையா?

இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரிடம் போய் 'எனக்குக் குமிழி ஸ்கேன் எழுதுங்கள்' என்று நிற்க வேண்டாம். சாதாரண ஸ்கேனில் தெரிந்த ஒன்றிரண்டு கட்டிகளை உற்றுப் பார்க்கத்தான் இது உதவும். ஈரல் முழுவதையும், அதைத் தாண்டி நெஞ்சையும் எலும்பையும் ஒரே தடவையில் பார்க்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். புற்று எவ்வளவு பரவியது என்ற கேள்விக்குக் குமிழி பதில் சொல்லாது. உடல் பருத்தவர்களுக்கும், குடலில் வாயு மிகுந்தவர்களுக்கும், கட்டி ஆழத்தில் இருப்பவர்களுக்கும் படம் சரியாக விழாமல் போகலாம். பார்ப்பவரின் அனுபவமும் முக்கியம். இந்தியாவில் எல்லா ஊரிலும் இது கிடைப்பதில்லை. பெருநகரங்களின் சில பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

கேட்கலாம் என்று நான் சொல்வது ஒரே சூழ்நிலையில். ஈரலிலோ சிறுநீரகத்திலோ சந்தேகமான கட்டி என்று வந்து, கிரியேட்டினின் கூடுதலாக இருப்பதாலோ சாய மருந்து ஒவ்வாததாலோ சி.டி. எடுக்கத் தயங்கினால், "குமிழி மருந்து ஏற்றி அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதுமா?" என்று மருத்துவரிடம் மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், குமிழி என்ற சொல்லுக்குப் பயந்து சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

உதவி கோரி வருபவர்கள் மனுவோடு முதல் ஸ்கேன் அறிக்கை, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை, மருத்துவரின் சீட்டு, மருத்துவமனை எழுதித் தரும் செலவு மதிப்பீடு, ரேஷன் கார்டு நகல், ஜமாஅத் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். பெண் நோயாளி பெண் மருத்துவர் வேண்டுமென்று விரும்பினால் மனுவிலேயே எழுதுங்கள். நாள் குறிக்கும்போது கேட்டுப் பார்க்கிறோம். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அன்று காலை எப்படி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அலுவலகம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரையிலும், மற்ற நாட்களில் மக்ரிபிலிருந்து இஷா வரையிலும் திறந்திருக்கும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்